நிலையத்தின் எதிரே ஒரு சத்திரம்

பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வருவோர், எதிரே பரந்து கிடக்கும் கெம்பேகவுடா பேருந்து நிலையத்தை முதலில் காண்பர். மெஜஸ்டிக் என்று மக்கள் வழங்கும் அப்பகுதியில் முற்காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரி இருந்தது. ஏரி இன்று இல்லை. ஆயினும் அதனருகே எழுந்த ஒரு சத்திரத்தின் நினைவு இன்றும் நிலைத்திருக்கிறது. அதனைக் கட்டியவரின் பெயரை அங்குள்ள சாலை ஒன்றும் தாங்கி நிற்கிறது. குப்பி தோட்டதப்பா என்பது அவர் பெயர்.

குப்பி என்றதும் தமிழ் மாணவர்க்குச் சிறு கண்ணாடிப் புட்டி நினைவுக்கு வரலாம். கன்னடத்தில் அச்சொல் சிட்டுக்குருவியைக் குறிக்கும். தும்கூருக்கு மேற்கே அமைந்த அவ்வூர் கொட்டைப்பாக்கு வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே 1838ஆம் ஆண்டில், வீரசைவக் குடும்பம் ஒன்றில் தோட்டதப்பா பிறந்தார். பின்னர் அக்குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. பழைய பேட்டைப் பகுதியின் மாமூல்பேட்டையில் அவர் வாணிகம் செய்தார். நெருக்கமான கடைகளும் குறுகிய தெருக்களும் கொண்ட அப்பகுதியில் அவருடைய பொருள் பெருகியது. ஆனால் அதனை வழிவழியாகப் பெற்றுக்கொள்ள அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஈட்டிய செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வது என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடை வியப்பூட்டுவது. பெயரும் ஊரும் அறியாத வழிப்போக்கருக்கு அதனை வழங்க அவர் முடிவு செய்தார்.

வழிப்போக்கருக்குச் சத்திரம் அமைப்பது நம் நாட்டில் புதிய செயல் அன்று. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் பல சத்திரங்களை அமைத்தார். தஞ்சை மராட்டிய மன்னர்களும் அவ்வாறே செய்தனர். அவை பெரும்பாலும் மக்கள் நடந்து சென்ற பெருவழிகளை ஒட்டி அமைந்தவை. நடந்து செல்பவர் பொழுது சாயும் வேளையில் எந்த ஊரை அடைவார் என்பது ஏறக்குறைய முன்னரே தெரியும். அதற்கேற்பச் சத்திரங்களும் அமைந்திருந்தன.

தொடர்வண்டி வந்த பின் இந்த ஒழுங்கு மாறியது. சென்னைப் பக்கத்திலிருந்து வந்த இருப்புப் பாதை 1864இல் பெங்களூரின் தண்டுப் பகுதியை அடைந்தது. பின்னர் நகர நிலையத்திலிருந்து ஒரு பாதை மைசூரு வரை சென்றது. மற்றொரு பாதை 1884இல் தோட்டதப்பாவின் சொந்த ஊரான குப்பியை எட்டி, அதற்கு அப்பாலும் நீண்டது. நாள்கணக்கில் நடந்த தொலைவை மக்கள் சில மணி நேரத்தில் கடந்தனர். ஆனால் வண்டி வந்து சேரும் நேரம் பயணியின் வசதியைப் பார்ப்பதில்லை. வழக்குக்காக வந்தவர், நோயாளியை அழைத்து வந்தவர், சரக்கு வாங்க வந்தவர், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர் என எத்தனையோ பேர் ஒரே நிலையத்தில் வந்து இறங்கினர். உறவினர் உள்ளவர் உறவினர் வீட்டுக்குச் சென்றனர். உறவினர் இல்லாதவர் மூட்டையைத் தலைக்கு வைத்துத் திறந்த வெளியில் படுக்க நேர்ந்தது.

அவர்களுக்கு வேண்டியது மிகச் சிறியது. மூட்டையை இறக்கி வைக்க ஓர் இடம், குடிக்கச் சிறிது நீர், மழைக்கும் பனிக்கும் ஒதுங்க ஒரு கூரை, ஓர் இரவின் அச்சமற்ற உறக்கம். கொடுப்பவருக்கு இவை எளியவை. அயலூரில் இரவு வேளையில் நிற்பவருக்கோ இவற்றைவிடப் பெரியது வேறில்லை.

1897இல் தோட்டதப்பா நகர நிலையத்துக்கு அருகில் இருப்புப் பாதைத் துறைக்கு உரிய நிலத்தை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. அதே பணத்தில் நகருக்கு வெளியே இதனினும் விரிந்த நிலம் கிடைத்திருக்கலாம். ஆனால் களைத்து இறங்குபவர் விசாரித்து விசாரித்து அலைந்து கண்டுபிடிக்க வேண்டிய சத்திரத்தால் என்ன பயன்? வாங்குவோர் கூடும் இடத்திலேயே கடை அமைய வேண்டும் என்பதை நன்கறிந்த வணிகர் அவர். அந்த அறிவை அறச்செயலிலும் பயன்படுத்தினார் என்றே அந்த இடத்தேர்வைக் கொண்டு கருதத் தோன்றுகிறது.

நிலம் வாங்கிய மறு ஆண்டு, 1898இல், பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான தெருக்கள் பெரிதும் துன்புற்றன. பலர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினர். இந்நோய்க்குப் பின்னர்க் காற்றோட்டமான புதிய குடியிருப்புகளாகப் பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. அந்நாள்களில் தொடர்வண்டியில் வந்த வெளியூராரை நிலையங்களில் நிறுத்திச் சோதித்தனர். புதியவர் என்றாலே நோயைக் கொண்டு வந்தவரோ என்று மக்கள் அஞ்சிய காலம் அது. அறிந்தவர் வீட்டுக் கதவே திறக்கத் தயங்கிய அத்தகைய காலத்தில், அறியாதவர்க்கென்று ஒரு வாயிலை அமைக்கும் எண்ணத்தைத் தோட்டதப்பா கைவிடவில்லை. அவருடைய வாழ்வில் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்க பகுதி இதுவே.

1903ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் சத்திரம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஆட்சிப் பொறுப்பை முழுமையாக ஏற்று ஓராண்டுகூட நிறையாத அம்மன்னருக்கு அப்போது அகவை 18. பயணிகள் கட்டணமின்றித் தங்கிச் செல்ல அங்கே வழி செய்யப்பட்டது.

தோட்டதப்பாவின் கருணை பயணியரோடு நின்றுவிடவில்லை. கல்வி தேடி நகருக்கு வரும் சிற்றூர் மாணவரையும் அவர் எண்ணினார். பயணிக்கு ஓர் இரவு தங்கினால் போதும். மாணவனுக்கோ பல ஆண்டுகள் தங்க இடம் வேண்டும். அக்காலத்தில் சிற்றூர்களில் தொடக்கக் கல்விக்கு மேல் வாய்ப்பு அரிது. மேற்படிப்பு வேண்டுவோர் பெங்களூரு போன்ற நகரங்களுக்குத்தான் வர வேண்டும். கற்கும் திறன் இருந்தும், இரவில் படுக்க இடமின்றிப் படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பும் நிலை ஏழை மாணவர்க்கு எளிதில் வாய்க்கக்கூடியது. அதனால் மாணவர்க்குக் கட்டணமில்லா விடுதியையும் அவர் ஏற்படுத்தினார்.

கொடுத்தவர் உள்ளவரை நடந்து, அவருக்குப் பின் பாழாகும் தருமங்கள் உண்டு. மேற்பார்வை இல்லாமல் இடிந்துபோன சத்திரங்கள் தென்னாட்டில் எத்தனையோ உள்ளன. தோட்டதப்பா தம் செல்வத்தை ஓர் அறக்கட்டளையாக்கி, அதன் பொறுப்பை நகரின் மதிப்புக்குரிய பெரியவரான கே. பி. புட்டண்ண செட்டியிடம் ஒப்படைத்தார். பெங்களூரு நகர மண்டபம் இன்று தாங்கி நிற்பது இவருடைய பெயரையே. தாம் சேர்த்த பொருளைப் பிறர் பொறுப்பில் விடுவது பொருள் கொடுப்பதினும் கடினமானது. கணக்கைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிய வணிகருக்கு அது மேலும் கடினமாக இருந்திருக்கும்.

மைசூரு மன்னர் 1905இல் அவருக்குத் தர்மபிரவர்த்தர் என்னும் பட்டத்தை வழங்கினார். அறத்தை நடத்திச் செல்பவர் என்பது அதன் பொருள். ஆங்கில அரசு 1910இல் ராவ் பகதூர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு பிப்ரவரி 21ஆம் நாள் தோட்டதப்பா மறைந்தார்.

அதன் பின் தர்மாம்புதி ஏரி நீர் வற்றித் திடலாகி, இறுதியில் பேருந்து நிலையமாக மாறியது. குறுகிய பாதையில் வந்த நீராவி வண்டிகளுக்கு மாறாக இன்று அகலப் பாதையில் மின்வண்டிகள் வருகின்றன. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் தோட்டதப்பாவின் அறக்கட்டளை தொடர்ந்து நடைபெற்று வருகிறது. பெங்களூரில் தங்கிப் படிக்க வரும் சிற்றூர் மாணவர் அவர் பெயரிலுள்ள விடுதியில் இன்றும் இடம் கேட்டு விண்ணப்பிக்கின்றனர்.