அன்னமிட்ட கரங்கள்: டொரதி டே அம்மையார்

அன்னதானம் எல்லாச் சமயத்தவர்க்கும் பொதுவான அறம் என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் டொரதி டே அம்மையார். 1897ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே பிறந்த இவர், பத்திரிகையாளராகப் பணியாற்றி, 1927இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார்.

1933 மே முதலாம் திகதி, பீற்றர் மோறின் என்பவருடன் இணைந்து 'கத்தோலிக்கத் தொழிலாளி' எனும் பத்திரிகையை ஒரு சத விலையில் வெளியிட்டார். வேலையின்றி மக்கள் வாடிய அக்காலத்தில், பசித்தோர்க்கு உணவும் வீடற்றோர்க்கு உறைவிடமும் வழங்கும் இல்லங்களையும் அமைத்தார்.

நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைக்காக அவ்வில்லங்களுள் ஒன்றை நகர நிர்வாகம் சுவீகரித்தது. தாமதித்துக் கிடைத்த நட்டஈட்டுடன் 3,579 டொலர் வட்டியும் சேர்ந்து வந்தது. அன்றாட உணவுக்கே பிறர் தரும் நன்கொடையை நம்பியிருந்தபோதிலும், வட்டி வாங்குதல் அறமன்று எனக் கருதிய அம்மையார், 1960இல் அத்தொகையைத் திருப்பி அனுப்பினார்.

போரை எதிர்த்தும் தொழிலாளர் உரிமைக்காகவும் பலமுறை சிறை சென்ற அவர், 1980 நவம்பர் 29ஆம் திகதி நியூயோர்க்கில் தாம் நிறுவிய இல்லமொன்றிலேயே இறைவனடி சேர்ந்தார். அவர் காட்டிய வழியில் இன்றும் பல இல்லங்கள் இயங்குகின்றன.

தானம் செய்தால் மட்டும் போதாது, அதற்குரிய பொருள் வந்த வழியும் தூயதாயிருத்தல் வேண்டும் என்பதே அவரது வாழ்வு அடியார்களாகிய எமக்கு உணர்த்தும் பாடமாகும்.