இணைய நெரிசலுக்கு வழி கண்ட டேனியல் லெவின்

உப்பு வாங்குவதற்கு முத்தியால்பேட்டை மக்கள் அனைவரும் பெரிய மார்க்கெட்டுக்கே போக வேண்டுமென்றால் என்ன ஆகும்? வழியெல்லாம் நெரிசல், கடையிலே கூட்டம். தெருமுனைக் கடைக்காரர் முன்கூட்டியே சரக்கை வாங்கி வைத்திருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இணையப் பக்கங்களையும் இவ்வாறே மக்களுக்கு அருகில் சேமித்து வைக்க வழி கண்டவர்களுள் ஒருவர் டேனியல் லெவின். 31 ஆண்டுகளே வாழ்ந்த அவருடைய வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

லெவின் 1970 மே 14 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்தார். 14 வயதில் பெற்றோருடன் இஸ்ரேலில் குடியேறினார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இராணுவத்தில் பணியாற்றினார். பின்னர் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியானில் பயின்றார், படித்துக்கொண்டே ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலையும் பார்த்தார். 1996-இல் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யை அடைந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

அக்காலத்தில் பரபரப்பான செய்தி ஒன்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே சர்வரை நாடுவர். அது திணறி நின்றுவிடும். பக்கங்களின் படிகளைப் பல ஊர்களிலுள்ள சர்வர்களில் சேமித்து வைக்கலாம். ஆனால் எந்தப் படி எந்தச் சர்வரில் இருக்கிறது? ஒரு சர்வர் பழுதானால் அனைத்தையும் மீண்டும் பங்கிட வேண்டுமே! இதற்கு லெவினும் லெய்ட்டனும் மற்றும் சிலரும் 1997-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விடை தந்தனர். மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற ரினா பாணிகிரகியும் அவர்களுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. சர்வர்களையும் பக்கங்களையும் கணக்கின் மூலம் ஒரு வட்டத்தில் குறித்து, ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு அடுத்துள்ள சர்வரிடம் ஒப்படைப்பதே அம்முறை. ஒரு சர்வர் நின்றுபோனால் அதனிடமிருந்த பக்கங்கள் மட்டுமே இடம் மாறும், மற்றவை அசையா.

1998-இல் ஆசிரியரும் மாணவரும் இத்திட்டத்துடன் எம்.ஐ.டி.யின் தொழில்முனைவோர் போட்டியில் கலந்துகொண்டு இறுதிச்சுற்றை எட்டினர், முதற்பரிசு கிட்டவில்லை. ஆயினும் அவர்கள் மனம் தளரவில்லை. அதே ஆண்டில் அகாமாய் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு அறிவுக்கூர்மை என்று பொருள். 1999-இல் அதன் சேவை மக்களுக்குப் பயன்படத் தொடங்கியது.

2001 செப்டம்பர் 11 அன்று பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் புறப்பட்ட விமானத்தில் லெவின் பயணம் செய்தார். பயங்கரவாதிகள் அவ்விமானத்தைக் கைப்பற்றி நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதினர். விமானத்திலிருந்த அனைவரும் மாண்டனர். மனைவியையும் இரு புதல்வரையும் விட்டு லெவின் மறைந்தார்.

அன்று உலகமே செய்தி தேடி இணையத்தை நாடியது. செய்தித் தளங்கள் தத்தளித்தன. துயரத்தை அடக்கிக்கொண்டு அகாமாய் ஊழியர்கள் பணியில் நின்றனர். பல செய்தித் தளங்கள் மக்களுக்குத் தொடர்ந்து கிடைக்க லெவினின் கணக்கே துணை நின்றது. தம்மைப் பற்றிய துயரச் செய்தியையும் அவர் உழைப்பே சுமந்து சென்றது!

கணினிக் கோட்பாட்டு மாநாடு ஒன்றில் மாணவர் எழுதும் சிறந்த கட்டுரைக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. மாணவப் பருவத்தில் அவர் போட்ட கணக்கு அவருக்குப் பின்னும் பிறருக்குப் பயன்படுகிறது. அன்புத் தோழியரே, நாம் இன்று கருத்தூன்றிக் கற்பதும் என்றோ ஒருநாள், நாம் அருகில் இல்லாதபோதும், யாருக்கேனும் உதவுமன்றோ?