துப்பாக்கியும் சட்டப் புத்தகமும்: ஹியூயி நியூட்டனின் வாழ்க்கை

பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும் கறுப்பு இளைஞர் ஒருவரின் ஒளிப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். தலையில் கறுப்புத் தொப்பி, உடலில் தோல் மேலங்கி, ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் ஈட்டி. 1967இல் எடுக்கப்பட்ட அந்தப் படம் பல நாடுகளில் மாணவர் விடுதிச் சுவர்களை அலங்கரித்தது. அதில் இருப்பவர் ஹியூயி பி. நியூட்டன், கருஞ்சிறுத்தைக் கட்சியை நிறுவிய இருவரில் ஒருவர். ஓக்லாந்து நகரத் தெருக்களில் காவலர்களை எதிர்கொண்ட நாள்களில் அவர் துப்பாக்கியோடு சேர்த்துச் சுமந்த இன்னொரு பொருள் அந்தப் படத்தில் இல்லை. அது சட்டப் புத்தகம். துப்பாக்கியை நினைவில் வைத்துப் புத்தகத்தை மறந்துவிடும் வழக்கம் அவருடைய எதிரிகளிடம் அன்றே இருந்தது. அபிமானிகளிடம் இன்றும் இருக்கிறது.

நியூட்டன் 1942 பிப்ரவரி 17 அன்று லூசியானா மாநிலத்தின் மன்ரோ நகரில், ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். தந்தை வால்டர் நியூட்டன் கூலி உழைப்பாளி, பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகரும்கூட. மாநில ஆளுநராக இருந்த ஹியூயி லாங்கின் பெயரை மகனுக்குச் சூட்டினார். வெள்ளை நிறவெறியின் பிடியில் இருந்த தென் மாநிலங்களை விட்டு, போர்க்காலத் தொழிற்சாலைகளையும் கப்பல் கட்டும் தளங்களையும் நாடிக் கறுப்பின மக்கள் மேற்குக் கரைக்குப் பெயர்ந்த காலம் அது. அந்த அலையில் இக்குடும்பமும் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தது. போர் முடிந்ததும் வேலைகள் குறைந்தன. வந்தவர்களோ திரும்பிச் செல்ல ஊரற்றவர்களாக நெருக்கடியான குடியிருப்புகளில் தங்கிப்போயினர்.

பள்ளிக்கூடம் அவரை வளர்க்கவில்லை. 1959இல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்று வெளியேறியபோது அவரால் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் உட்கார வைத்து, எழுத்தறிவில்லாதவராகவே ஒருவரை வெளியே அனுப்பும் கல்விமுறையைப் பற்றி நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் மெல்வின் கல்லூரி சென்றவர். அவரைப் பார்த்து ஏற்பட்ட வேட்கையில், பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை மீண்டும் மீண்டும் படித்து நியூட்டன் தம் முயற்சியாலேயே வாசிக்கப் பழகினார். பிறகு மெரிட் கல்லூரியில் சேர்ந்தார். அங்குதான் பாபி சீலைச் சந்தித்தார். சட்ட வகுப்புகளிலும் அமர்ந்தார். திருட்டுகளில் ஈடுபட்டிருந்த அந்நாள்களில், அகப்பட்டால் தப்பிக்கவே முதலில் சட்டம் படித்தார் என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. 1964இல் ஒரு விருந்தில் நடந்த சண்டையில் ஒருவரைக் கத்தியால் குத்திய வழக்கில் தண்டனை பெற்று ஆறு மாதம் சிறையில் இருந்தார். அதில் ஒரு பகுதி இருட்டுத் தனிச்சிறை. வெளியே வந்தபோது நீதிமன்றத்தின் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். இந்தக் கண்காணிப்பு பின்னர் அவருடைய ஒவ்வோர் அடியையும் நிர்ணயித்தது.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதி தீப்பற்றி எரிந்தது. ஒரு கறுப்பு இளைஞரைக் காவலர் வண்டியை நிறுத்திக் கைது செய்ததே அதன் தொடக்கம். அதன்பின் அங்குள்ள மக்கள், காவலரின் வண்டிகளைப் பின்தொடர்ந்து அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிக்கும் சுற்றுக்காவல் ஒன்றை உருவாக்கினர். அவர்கள் ஆயுதம் ஏந்தவில்லை, கவனித்தவர்களே அடிவாங்கினர். நியூட்டன் அந்த முறையை எடுத்துக்கொண்டு, அதில் துப்பாக்கியைச் சேர்த்தார். 1966 அக்டோபரில் அவரும் சீலும் தற்காப்புக்கான கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கிப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை எழுதினர். வேலை, வீடு, கல்வி என்று செல்லும் அந்தப் பட்டியலில் காவல்துறை வன்முறைக்கு முடிவு கட்டுவது ஏழாவது கோரிக்கை. சிறுத்தைச் சின்னம் அலபாமாவின் லௌண்ட்ஸ் வட்டத்தில் கறுப்பின வாக்காளர்கள் அமைத்த கட்சியிடமிருந்து வந்தது. துப்பாக்கி வாங்கப் பணமில்லை. பெர்க்லி பல்கலைக்கழக வாயிலில் மாவோவின் சிவப்புப் புத்தகத்தை மாணவர்களிடம் விற்றுப் பணம் திரட்டினர்.

சட்டத்தில் அவர் கண்டது என்ன? அன்றைய கலிஃபோர்னியாவில் உரிமமின்றித் துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பதுதான் குற்றம்; வெளிப்படையாக ஏந்திச் செல்வது குற்றமன்று. குண்டு நிரப்பியிருந்தாலும் குற்றமன்று. ஆனால் பிறரை நோக்கி நீட்டக்கூடாது. எனவே குழல் வானத்தை அல்லது தரையை நோக்கியிருக்கும். வண்டிக்குள் இருக்கும்போது நீண்ட துப்பாக்கியின் வெடியறையில் தோட்டா இருக்கக்கூடாது என்பது வேட்டை தொடர்பான சட்டத்தின் விதி. ஆகவே வண்டியை விட்டு இறங்கிய பிறகே தோட்டாவை ஏற்ற வேண்டும். கண்காணிப்பில் இருந்த நியூட்டன் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே ஷாட்கன் எடுத்துக்கொண்டார். சீலின் இடுப்பில் கைத்துப்பாக்கி. காவலர் ஒருவரைக் கைது செய்யும்போது, இடையூறு செய்யாத தொலைவில் நின்று பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இந்த விதிகளை உறுப்பினர்களுக்கு வகுப்பெடுத்துக் கற்பித்த பின்னரே தெருவுக்கு அனுப்பினார்.

1967 தொடக்கத்தில், குரோவ் தெருவிலிருந்த கட்சி அலுவலகத்தின் முன் காவலர்கள் அவர்களின் வண்டியை நிறுத்தினர். நியூட்டன் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தார். பெயரையும் முகவரியையும் சொன்னார். துப்பாக்கியைக் காட்டும்படி கேட்டபோது மறுத்தார். சட்டப்படி அதற்குமேல் தாம் எதையும் சொல்லவோ தரவோ வேண்டியதில்லை என்று விளக்கினார். கூடுதல் காவலர்கள் வந்தனர். அக்கம்பக்கத்து மக்கள் கூடினர். கலைந்து செல்லும்படி காவலர்கள் மக்களை விரட்டியபோது, நின்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, அவர்களை நிற்கச் சொன்னார். சட்டப் பிரிவுகளைக் கறுப்பர் ஒருவர் காவலருக்கே பாடமாகச் சொல்வதை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை. கடைசியில் வழக்கு எதுவுமின்றிக் காவலர்கள் திரும்பிச் சென்றனர். அன்று அங்கே நின்று பார்த்தவர்களில் சிலர் கட்சியில் சேர்ந்தனர்.

அதே ஆண்டு பிப்ரவரியில் மால்கம் எக்ஸின் துணைவியார் பெட்டி ஷபாஸ் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். விமான நிலையத்திலிருந்து ‘ராம்பார்ட்ஸ்’ இதழ் அலுவலகம் வரை சிறுத்தைகள் ஆயுதமேந்தி அவருக்குப் பாதுகாப்பாகச் சென்றனர். அலுவலக வாசலில் காவலர்கள் சூழ்ந்தனர். துப்பாக்கி உறையின் வாரை அவிழ்த்துக்கொண்டு காவலர் ஒருவர் நியூட்டனை நெருங்கினார். நியூட்டன் பின்வாங்கவில்லை; ஷாட்கன்னில் தோட்டாவை ஏற்றி, முதலில் சுடும்படி அந்தக் காவலருக்கே சவால் விட்டார். சில நொடிகளுக்குப் பின் காவலர் தலைகுனிந்து விலகினார். அவ்விதழில் பணியாற்றிய எல்ட்ரிட்ஜ் கிளீவர் இதை நேரில் கண்டு கட்சிக்கு வந்தார். பலரும் வியந்து சொல்லும் நிகழ்ச்சி இது. எனக்கோ குரோவ் தெரு நிகழ்ச்சியே பெரிதாகத் தோன்றுகிறது. இங்கே ஒரு மனிதரின் துணிச்சல் வென்றது. அங்கே ஒரு தெருவே தன் உரிமையைக் கற்றுக்கொண்டது.

1967 ஏப்ரல் 1 அன்று, ஓக்லாந்துக்கு வடக்கே ரிச்மண்ட் பகுதியில் டென்சில் டவல் என்ற 22 வயது இளைஞர் ஷெரிஃப் துறைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நியாயமான கொலை என்று அதிகாரிகள் கோப்பை மூடினர். குடும்பத்தினர் சிறுத்தைகளை அழைத்தனர். துப்பாக்கிகளோடு வந்து நின்று அவர்கள் தெருக்கூட்டங்கள் நடத்தினர். காவலர்கள் தொலைவிலேயே நின்றனர். கட்சி இதழின் முதல் வெளியீடு டவலின் மரணத்தைப் பற்றியதே. அது தட்டச்சு செய்து படியெடுத்த சில தாள்கள்தாம்.

சிறுத்தைகள் சட்டத்தை மீறவில்லை. ஆகவே ஆட்சியாளர்கள் சட்டத்தையே மாற்றினர். டான் முல்ஃபோர்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்துவதைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். மே 2 அன்று சீல் தலைமையில் 24 ஆண்களும் 6 பெண்களும் சேக்ரமெண்டோவிலுள்ள சட்டமன்றத்துக்குத் துப்பாக்கிகளோடு சென்றனர். நியூட்டன் செல்லவில்லை, கண்காணிப்பில் இருந்த அவரைத் தோழர்களே தடுத்துவிட்டனர். ஆனால் அங்கே சீல் வாசித்த அறிக்கை நியூட்டன் எழுதியது. பார்வையாளர் மாடத்தைத் தேடிச் சென்றவர்கள் செய்தியாளர்களின் நெரிசலில் அவைக்குள்ளேயே நுழைந்துவிட்டனர். ஊர் திரும்பும் வழியில் கைதாயினர். சீல் பின்னர் சில மாதங்கள் சிறையில் இருந்தார். ஜூலை 28 அன்று ஆளுநர் ரொனால்ட் ரீகன் மசோதாவில் கையெழுத்திட்டார். துப்பாக்கி உரிமைக்காக எந்நாளும் குரல் கொடுக்கும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் அன்று இந்தத் தடையை ஆதரித்தது. வெள்ளையர் ஏந்தியவரை அது அரசமைப்பு தந்த உரிமை. கறுப்பர் ஏந்தியபோது அது பொது அமைதிக்கு ஆபத்து.

இந்தியச் சட்டம் வேறு. ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கியைத் தொடவே முடியாது. எனவே நியூட்டனின் வழி இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் யாருடைய கையில் ஆயுதம் இருக்கலாம் என்ற கேள்வி நமக்கும் உரியது. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும், தேவையெனக் கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் அரசுக்கு இடம் தருகிறது. அந்த விதியை எடுத்துக்காட்டி மாவட்ட ஆட்சியரிடம் மனு எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1967 அக்டோபர் 28 விடியற்காலை. கண்காணிப்புக் காலம் முடிந்ததை நண்பர்களோடு கொண்டாடிவிட்டு நியூட்டன் மேற்கு ஓக்லாந்தில் வண்டியில் சென்றார். சிறுத்தைகளின் வண்டி என்று காவல்துறை அறிந்திருந்த அதை ஜான் ஃப்ரே என்ற காவலர் நிறுத்தினார். ஹெர்பர்ட் ஹீன்ஸ் என்ற இன்னொரு காவலரும் வந்தார். நியூட்டன் சட்டப் புத்தகத்தோடு இறங்கினார் என்பது அவர் தரப்பு வாக்குமூலம். அடுத்த சில நிமிடங்களில் ஃப்ரே குண்டடிபட்டு இறந்தார், ஹீன்ஸ் காயமடைந்தார், நியூட்டனின் வயிற்றில் குண்டு பாய்ந்தது. நியூட்டனுடையது என்று சொல்லத்தக்க துப்பாக்கி எதுவும் கிடைக்கவில்லை. குண்டடிபட்ட நிலையில் மருத்துவமனையிலேயே கைது செய்யப்பட்டு, கொலைக் குற்றம் சாட்டப்பட்டார். 1968 செப்டம்பரில் கொலையன்று, அதனினும் குறைந்த மரணம் விளைவித்த குற்றம் என்று நடுவர்கள் தீர்ப்பளித்தனர். 2 முதல் 15 ஆண்டு வரை சிறை. குண்டுபட்டுச் சுயநினைவின்றி இருந்திருக்கலாம் என்ற வாதத்தை நடுவர்களுக்கு நீதிபதி முறையாக விளக்கவில்லை என்று கூறி, 1970 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணைகள் இரண்டிலும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1971 டிசம்பரில் வழக்கு கைவிடப்பட்டது.

அவர் சிறையில் இருந்த காலத்தில் கட்சி நாடு முழுதும் பரவியது. அதே வேகத்தில் கொல்லவும்பட்டது. 1968 ஏப்ரலில் 17 வயது பாபி ஹட்டன் ஓக்லாந்தில் காவலரிடம் சரணடைந்த நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டதாகத் தோழர்கள் கூறினர். 1969 டிசம்பர் 4 அதிகாலை சிகாகோவில் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். காவலர்கள் சுட்டவை ஏறத்தாழ 90 குண்டுகள். சிறுத்தைகள் தரப்பிலிருந்து ஒன்றே ஒன்று. கூட்டரசுப் புலனாய்வுத் துறை ஒற்றர்களையும் பொய்க் கடிதங்களையும் கொண்டு கட்சியை உள்ளிருந்தே பிளந்தது. கட்சி தன் பெயரிலிருந்து தற்காப்பு என்ற சொல்லை 1968இலேயே நீக்கியிருந்தது. 1969 ஜனவரியில் ஓக்லாந்துத் தேவாலயம் ஒன்றில் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியது. விடுதலையான நியூட்டன் அத்தகைய பணிகளையே முன்னிறுத்தினார். பெண் விடுதலை இயக்கத்தோடும் ஒருபாலீர்ப்பாளர் இயக்கத்தோடும் கைகோக்க வேண்டும் என்று 1970 ஆகஸ்டிலேயே தோழர்களுக்கு எழுதினார். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார் உள்ளிட்ட இளைஞர்கள் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட பெயர் இந்தக் கட்சியின் பெயரே. அப்பெயர் பின்னர் மதுரைக்கும் வந்தது.

பிற்பகுதியை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கட்சி அவருடைய தனி ஆட்சியாகச் சுருங்கியது; போதைப்பொருள் அவரைப் பற்றியது; தோழர்களே அவருக்கு அஞ்சினர். 1974இல் பதினேழு வயதுக் கறுப்பினப் பெண் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, கியூபாவுக்குத் தப்பினார். அப்போது எலைன் பிரவுன் கட்சிக்குத் தலைமை ஏற்றார். 1977இல் திரும்பிய நியூட்டனுக்கு எதிரான அந்த வழக்கிலும் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வராததால் தண்டனை இல்லை. இறந்த பெண்ணுக்கு நீதியும் இல்லை. காவலரின் அத்துமீறலை எதிர்த்து எழுந்தவரின் பக்கத்திலேயே இந்தக் கணக்கும் எழுதப்பட வேண்டும்.

1980இல், தம் கட்சியை அரசு ஒடுக்கிய வரலாற்றையே ஆய்வுப் பொருளாக்கி, சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். எழுத்தறிவில்லாமல் பள்ளியை விட்டு வெளியேறி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுகளில் கட்சி கலைந்தது. 1989 ஆகஸ்ட் 22 விடியற்காலை, மேற்கு ஓக்லாந்துத் தெருவொன்றில் போதைப்பொருள் கும்பல் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் அவரைச் சுட்டுக் கொன்றார். வயது 47. முன்பு அவர் சட்டப் புத்தகத்தோடு காவலர்களைப் பின்தொடர்ந்த அதே பகுதி அது. இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். இலவசக் காலை உணவை உண்டு வளர்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர்.