கடற்கரை மணலிலிருந்து அணு உலை வரை: உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ்

பெங்களூரு, ஆகஸ்ட் 21:

பெங்களூருவின் காக்ஸ் டவுன், அல்சூர், பிரேசர் டவுன் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு உலோகம் என்றதும் நினைவுக்கு வருவது கோலார் தங்கவயல்தான். தாத்தாவோ மாமாவோ அங்கே சுரங்கத்தில் இறங்கிய கதை ஏதேனும் ஒரு வீட்டில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டன. அதே நகரின் வடமேற்கில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1950-களில் உலோகவியல் துறைக்குத் தலைமை தாங்கிய ஒருவர், தங்கத்தைப் போல் மினுங்காத வேறோர் உலோகத்தை இந்தியா தானே ஆக்கிக்கொள்ள வழிவகுத்தார். அவர் டாக்டர் பிரம்ம பிரகாஷ். இன்று அவரது பிறந்த நாள்.

1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி லாகூரில் பிறந்த பிரம்ம பிரகாஷ், முதலில் வேதியியலையே பயின்றார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசின் உலோகவியல் ஆய்வாளர் பணியில் சேர்ந்தார். போர் முடிந்ததும் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்று, தாதுப் பொறியியலிலும் உலோக வெப்ப இயக்கவியலிலும் மீண்டும் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான் நாடு பிரிந்தது. பிறந்த ஊரான லாகூர் வேறொரு நாட்டின் நகரமாயிற்று.

நாடு திரும்பிய அவரை ஹோமி பாபாவின் அணுசக்தித் திட்டம் ஈர்த்துக்கொண்டது. ஆனால் அப்போது பம்பாயில் உலோகவியலுக்கென முறையான ஆய்வகம் உருவாகியிருக்கவில்லை. எனவே 1951-இல் அவர் பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் துறைத் தலைவர் பொறுப்பை ஏற்றார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை ஆறு ஆண்டுகள் அவர் இங்கு பணியாற்றினார். வேதியியலில் தொடங்கி உலோகவியலுக்கு வந்தவர் என்பதால், தாதுவைப் பிரித்தெடுப்பதையும் உலோகத்தை உருக்கி வடிப்பதையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் அவர் செய்த பணிகள் அனைத்திலும் இந்தப் பார்வையைக் காணலாம்.

1957-இல் டிராம்பே அணுசக்தி நிலையத்தின் உலோகவியல் பிரிவுக்கு அவர் தலைமை ஏற்றார். இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் என அழைக்கப்படும் அந்த இடத்தில், கனடாவின் உதவியுடன் சைரஸ் ஆராய்ச்சி உலை எழுந்துகொண்டிருந்தது. அதற்குத் தேவையான யுரேனிய எரிபொருள் தண்டுகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடுவதே எளிய வழி. அவற்றை இங்கேயே செய்வது என்று முடிவாயிற்று. அணு எரிபொருள் செய்வதில் முன்னனுபவம் உள்ளவர் நாட்டில் எவரும் இல்லாத நிலையில், இளம் பொறியாளர்களையும் வேதியியலாளர்களையும் கொண்டு பிரம்ம பிரகாஷ் அப்பணியைத் தொடங்கினார். 1959-இல் அணுத்தூய்மை கொண்ட யுரேனிய உலோகம் டிராம்பேயில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டில் முதல் எரிபொருள் தண்டும் உருவானது. 1960 ஜூலையில் சைரஸ் இயங்கத் தொடங்கியபோது, அதன் முதல் எரிபொருள் நிரப்பீட்டில் இந்தியத் தண்டுகளும் இடம்பெற்றன.

இதைவிடக் கடினமான பணி சிர்கோனியம். மின் உற்பத்தி உலையில் யுரேனியத்தை வெறுமனே இட முடியாது. அதை ஓர் உலோகக் குழாயில் அடைத்து மூட வேண்டும். அந்தக் குழாய் கொதிநிலையைத் தாண்டிய நீரில் அரிக்கப்படக் கூடாது. அணுப்பிளவைத் தொடர்ந்து நடத்தும் நியூட்ரான்களையும் அது விழுங்கிவிடக் கூடாது. இவ்விரு நிபந்தனைகளுக்கும் ஒருங்கே பொருந்தும் உலோகம் சிர்கோனியம். அதன் தாதுவான சிர்கான், குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலோடு கலந்து கிடக்கிறது.

சிக்கல் அந்த மணலுக்குள்ளேயே இருந்தது. சிர்கோனியம் இருக்கும் இடத்திலெல்லாம் ஹாஃப்னியம் என்ற மற்றோர் உலோகமும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு கலந்திருக்கும். வேதியியல் குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று கரையும் அமிலத்தில் மற்றதும் கரையும், ஒன்று படியும் இடத்தில் மற்றதும் படியும். ஆனால் அணு உலைக்குள் இவற்றின் நடத்தை நேரெதிர். ஹாஃப்னியம் சிர்கோனியத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 600 மடங்கு நியூட்ரான்களை விழுங்குகிறது. ஆகவே ஹாஃப்னியத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் கீழே குறைத்தால்தான் அந்த உலோகம் உலைக்குத் தகுதி பெறும்.

டிராம்பேயில் பிரம்ம பிரகாஷின் குழுவினர் பின்பற்றிய வழி நீண்டது. மணலைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பிளக்க வேண்டும். அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்னும் கரைப்பானைக் கொண்டு சிர்கோனியத்தை மட்டும் இழுத்தெடுக்க வேண்டும். கிடைத்த ஆக்சைடைக் குளோரைடாக்கி, உருகிய மக்னீசியத்துடன் வினைபுரியச் செய்தால் பஞ்சுபோன்ற துளைகள் நிறைந்த உலோகம் கிடைக்கும். அதை வெற்றிடத்தில் மின்வில் உலையில் உருக்கி, சிறிதளவு வெள்ளீயம் உள்ளிட்ட உலோகங்கள் சேர்த்துக் கலப்புலோகமாக்கி, பிறகு பிதுக்கியும் உருட்டியும் குழாயாக்க வேண்டும். அந்தக் குழாயின் சுவர்த் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு படியில் பிழை நேர்ந்தால் முந்தைய படிகளின் உழைப்பும் வீண். காற்று பட்டால் தூள் சிர்கோனியம் தானே தீப்பற்றக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வகக் குடுவையில் வெற்றி கண்ட முறை தொழிற்சாலை அளவில் பெரும்பாலும் தடுமாறும். உலோகவியல் ஆராய்ச்சியில் பல முயற்சிகள் நின்றுபோவதும் இந்த இடத்தில்தான். பிரம்ம பிரகாஷ் இங்கு நின்றுவிடவில்லை. டிராம்பேயின் முன்னோட்ட ஆலைகளில் பெற்ற அனுபவத்தை அடித்தளமாகக் கொண்டு, ஐதராபாத்தில் அணு எரிபொருள் வளாகத்தை அமைக்கும் திட்டத்தை அவர் வழிநடத்தினார். 1971-இல் நிறுவப்பட்ட அவ்வளாகத்தில், ஒரு வாயிலில் கடற்கரை மணலும் யுரேனியமும் நுழைந்து, மறு வாயிலில் முழுமையான எரிபொருள் கட்டுகள் வெளிவரும் ஏற்பாடு உருவானது. இரண்டு சங்கிலிகளும் ஒரே வளாகத்தில் இணைந்திருப்பது உலகில் அரிது.

இந்த உழைப்பின் மதிப்பு 1974-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு மே 18-ஆம் தேதி பொக்ரானில் இந்தியா அணு வெடிப்புச் சோதனை நடத்தியதும், கனடா தனது ஒத்துழைப்பை நிறுத்தியது. ராஜஸ்தானின் ராவத்பாட்டாவில் கனடிய வடிவமைப்பில் எழுந்துகொண்டிருந்த இரண்டாவது உலை பாதியில் நின்றது. கனநீர், இயந்திர பாகங்கள் என்று பலவற்றுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, அந்த உலை முழுமை பெற 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் எரிபொருள் கட்டுகளுக்கும் சிர்கோனியக் குழாய்களுக்கும் வெளிநாட்டை நம்பியிருக்கும் நிலை ஏற்படவில்லை. 1950-களின் இறுதியில் எளிய வழியைத் தேர்ந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அப்போது பிரம்ம பிரகாஷ் அணுசக்தித் துறையிலேயே இல்லை. 1971 டிசம்பர் 30-ஆம் தேதி விக்ரம் சாராபாய் திடீரென மறைந்ததைத் தொடர்ந்து, விண்வெளித் திட்டத்தின் தலைமையை சதீஷ் தவான் ஏற்றார். திருவனந்தபுரத்தின் தும்பாவிலும் அதைச் சுற்றிலும் தனித்தனியே இயங்கிய பிரிவுகள் ஒன்றிணைக்கப்பட்டு, 1972-இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவானது. அதன் முதல் இயக்குநராக பிரம்ம பிரகாஷ் நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 60. ராக்கெட் துறையில் அவருக்கு முன்அனுபவம் கிடையாது. பலர் ஓய்வை எண்ணும் வயதில், தனித்தனிக் குழுக்களாகச் செயல்பட்டுப் பழகிய இளம் பொறியாளர்களை ஒரே நிறுவனமாக்கும் பணி அவரிடம் வந்து சேர்ந்தது. உலோகவியலாளர் ஒருவரை அங்கு அமர்த்தியதில் பொருத்தமும் இருந்தது. ராக்கெட்டின் உடல் உயர்வலிமை எஃகால் ஆனது. அத்தகைய சிறப்பு உலோகங்களை உள்நாட்டிலேயே உருவாக்க 1973-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு.

அந்த மையத்தில்தான் எஸ்.எல்.வி.-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக ராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பணியாற்றினார். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட முதல் ஏவுகலம், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. பல நாள் தூக்கமின்றி உழைத்திருந்த கலாம், அறைக்குச் சென்று படுத்துவிட்டார். மாலை நெருங்கும் நேரத்தில் தோளைத் தொட்டு அவரை எழுப்பியவர் பிரம்ம பிரகாஷ். கட்டிலருகே அமர்ந்திருந்த அவர் தோல்வியைப் பற்றி விசாரிக்கவில்லை, சாப்பிட அழைத்துச் சென்றார். தமது தன்வரலாற்றில் கலாம் இந்நிகழ்வை நன்றியோடு பதிவு செய்துள்ளார். விண்வெளி மையத்தின் பொறுப்பில் பிரம்ம பிரகாஷுக்கு அதுவே கடைசி ஆண்டு. 1980 ஜூலை 18-ஆம் தேதி எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது.

பத்மஸ்ரீ 1961-லும், பொறியியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1963-லும், பத்மபூஷண் 1968-லும் அவருக்கு வழங்கப்பட்டன. எனினும் பாபா, சாராபாய், தவான் பெயர்கள் பள்ளிப் பாடநூல்கள் வரை சென்ற அளவுக்கு அவரது பெயர் செல்லவில்லை. உலை இயங்கும்போது அதனுள் இருக்கும் குழாயை எவரும் பார்ப்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

1983 ஜூலை 2-ஆம் தேதி, கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. இந்தியப் பொறியாளர்களே கட்டி முடித்த அந்த உலைக்கு எரிபொருள் கட்டுகள் ஐதராபாத் வளாகத்திலிருந்து வந்தன. அதற்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு, 1984 ஜனவரி 3-ஆம் தேதி, பிரம்ம பிரகாஷ் காலமானார். இந்திய உலோகவியல் கழகத்தின் பெங்களூரு கிளை அவரது பெயரில் நினைவுச் சொற்பொழிவை நடத்தி வருகிறது. அதற்கெனத் தேர்ந்துகொள்ளப்பட்ட நாள், அவர் பிறந்த ஆகஸ்ட் 21.