பண்டித ரமாபாய்

மராத்தி பேசும் அந்தணர் குடும்பத்தில் 1858-இல் பிறந்த ரமாபாய், பெற்றோரிடம் வடமொழி கற்றார். அவர்களைப் பஞ்சத்தில் இழந்தார். அவரது புலமையைப் போற்றிக் கல்கத்தா அறிஞர்கள் பண்டிதப் பட்டம் அளித்தனர். எனினும், 1882-இல் கணவர் இறந்ததும், கைக்குழந்தையோடு நின்ற அவரை ஊரார் கைம்பெண்ணாக மட்டுமே கண்டனர்.

மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனில், சமூகம் ஒதுக்கிய பெண்களைக் கிறித்தவக் கன்னியர் அன்போடு பேணும் இல்லத்தைக் கண்டு வியந்தார். அத்தகையோரை விலக்கி வைப்பதன்றோ அவர் அறிந்த வழக்கம்! இவ்வன்புக்குக் காரணம் தேடியவருக்கு, சமாரியப் பெண்ணிடம் இயேசு உரையாடிய நிகழ்ச்சி விடையாயிற்று. மகளோடு திருமுழுக்குப் பெற்றார். தாயகத்தில் பலர் சினந்தனர், அவர் தளரவில்லை.

1889-இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். பின்னர், பஞ்சத்தில் வாடிய சிறுமியர் பலரைப் புனேவுக்கு அருகிலுள்ள கேட்காவ் முக்தி இல்லத்தில் வாழவைத்தார். அவர்கள் படித்தனர், நெய்தனர், அச்சுக்கோத்தனர். ரமாபாய் மராத்தியில் மொழிபெயர்த்த விவிலியத்தை அச்சிட்டவையும் அவர்களின் கைகளே.