ஸீஸர் ரிட்ஸ்: மலைநாட்டுப் பரிசாரகர்

ஹோட்டல் தொழில் படிக்க ஸ்விட்ஜர்லாந்துக்குப் போக வேண்டும் என்பது இன்று நம் நாட்டு இளைஞர் பலருடைய ஆசை. லோஸான் நகரத்து ஹோட்டல் பள்ளியின் பெயரைச் சொன்னாலே ஒரு மதிப்பு உண்டாகிறது. அப்பள்ளி 1893-இல் தோன்றியது. அவ்வகைப் பள்ளிகளுள் உலகிலேயே முதலாவது என்பர். அது தோன்றுவதற்கு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, அந்நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் பிறந்த பையன் ஒருவன் அதே தொழிலைக் கற்க அயல்நாட்டுக்குப் புறப்பட்டான். அவனுக்குப் பள்ளியும் இல்லை, பட்டமும் இல்லை. ஒரு ஹோட்டலிலிருந்து விலக்கப்பட்டவன் என்ற பெருமை மட்டுமே கையிருப்பு. பிற்காலத்தில் பாரிஸிலும் லண்டனிலும் மாட்ரிட்டிலும் மாளிகைகளின் நெற்றியில் அவன் பெயர் எழுதப்பட்டது. ஆங்கில அகராதியில் ஆடம்பரத்தைக் குறிக்கும் சொல்லாகவும் அப்பெயர் புகுந்துவிட்டது. அவர்தாம் ஸீஸர் ரிட்ஸ்.

ரிட்ஸ் 1850 பிப்ரவரி 23-ஆம் நாள் வாலே மாநிலத்தில் ரோன் ஆற்றின் மேட்டுப் பள்ளத்தாக்கிலுள்ள நீடர்வால்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். குடியானவர் குடும்பம். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் கடைசி. அந்நாளில் ஸ்விட்ஜர்லாந்து இன்று நாம் எண்ணுவதுபோன்ற செல்வ நாடு அன்று. மலைச்சரிவில் விளைவது வீட்டில் உள்ள வாய்களுக்குப் போதாது. ஆகவே வாலே இளைஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் பிறநாட்டு மன்னர்களின் படையில் கூலிக்குப் போரிட்டுப் பிழைத்தார்கள். போப்பாண்டவரின் காவற்படையில் ஸ்விஸ் வீரர் நிற்பது அந்த வழக்கத்தின் எச்சமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தது. அதன் பின்னே மலை பார்க்க வரும் ஆங்கிலேயர் வந்தனர். தாமஸ் குக் 1863-இல் தம் முதல் ஸ்விஸ் பயணக் கூட்டத்தை அழைத்து வந்தார். வாளேந்திய குடும்பங்களின் பிள்ளைகள் தட்டேந்தத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டாம் வயதில் பையனைப் பிரெஞ்சு மொழி கற்கச் சியோன் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். பின்னர், ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குச் செல்லும் சிம்ப்ளோன் பாதையின் வாயிலிலுள்ள பிரிக் நகரத்து ஹோட்டல் ஒன்றில், திராட்சை மது பரிமாறும் வேலைக்குப் பயிற்சியாளாகச் சேர்த்தார்கள். ஹோட்டல் முதலாளிக்கு அவனைப் பிடிக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு ஒரு தனித்திறன் வேண்டும், அது உன்னிடம் சிறிதும் இல்லை என்ற பொருள்படச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார் என்பது வரலாறு. பெரிய மனிதர்களின் வாழ்க்கையில் இப்படியொரு முதலாளியோ வாத்தியாரோ தவறாமல் வந்துவிடுகிறார். ஆனால் ரிட்ஸுக்கு அந்தச் சொல் உண்மையிலேயே தைத்திருக்கிறது என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் சான்று.

1867-இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. நகரமெங்கும் ஹோட்டல்களுக்கு ஆள் தேவைப்பட்ட நேரம். பதினேழு வயது ரிட்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். காலணி துடைத்தார், மூட்டை தூக்கினார், மேசை துடைத்தார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். இரண்டே ஆண்டுகளில், பத்தொன்பது வயதில், ஒரு சிறு உணவு விடுதியில் எல்லாவற்றையும் மேற்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார். முதலாளி அவரைக் கூட்டாளியாகவே சேர்த்துக்கொள்ள முன்வந்தார்.

வேறொருவராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். கிராமத்துக்குப் பணம் அனுப்பி, பாரிஸில் ஒரு கடைக்குப் பாதி முதலாளியாகி, மலைநாட்டில் பெண் தேடியிருப்பார். ரிட்ஸ் செய்தது வேறு. கூட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தம் மேலங்கியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பாரிஸில் புகழ்பெற்ற வுவாஸான் என்னும் உணவகத்துக்குச் சென்று, உதவிச் சர்வராக அடிமட்டத்தில் சேர்ந்தார்.

இந்த ஒரு செயலை நான் ரிட்ஸின் வாழ்வில் தலையானதாக எண்ணுகிறேன். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு அவரே விரும்பி இறங்கினார். சிறிய இடத்தில் அவர் எல்லாம் அறிந்தவர். ஆகவே அங்கே கற்க ஒன்றும் எஞ்சவில்லை. வுவாஸானில் அவர் ஒன்றும் அறியாதவர். வெளிநாடு சென்று படிக்கிறோம் என்று சொல்லும் நாம், எந்த ஊர் என்று பார்க்கிறோம், எவ்வளவு சம்பளம் என்று பார்க்கிறோம். யாரிடம் கற்கப்போகிறோம் என்பதற்காகக் கையிலிருக்கும் பதவியை விட்டவர் எத்தனை பேர்?

வுவாஸானில் அரசர்களும் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் உண்டார்கள். அங்கே அவர் வாத்து அறுக்கவும், மதுவைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றவும் கற்றார் என்பது சிறிய செய்தி. யார் யாரோடு உட்கார விரும்புவார், யாருக்கு எந்தப் பதம் பிடிக்கும், யார் வாய்திறந்து கேட்கமாட்டார் என்பவற்றை மனத்தில் எழுதிவைக்கக் கற்றதே பெரிய செய்தி. ஒருமுறை வந்தவரின் விருப்பத்தை அடுத்த முறை அவர் கேட்குமுன் நிறைவேற்றுவதே பின்னாளில் ரிட்ஸின் முறை என்று உலகம் அறிந்தது.

1870-இல் பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. முற்றுகையிடப்பட்ட பாரிஸில் உணவு அற்றுப்போனபோது, மிருகக்காட்சிசாலை யானைகளைக்கூட அறுத்து விற்றார்கள். வுவாஸானின் உணவுப் பட்டியலிலும் அத்தகைய இறைச்சி இடம்பெற்றது. போருக்குப் பின் 1873-இல் வியன்னாக் கண்காட்சிக்குச் சென்றார். அதன்பின் குளிர்காலத்தில் தெற்குப் பிரான்ஸின் கடற்கரை, கோடைகாலத்தில் ஸ்விஸ் மலைகள் என்று பறவைபோல் இடம்பெயரும் வாழ்க்கை.

ரிகி மலையுச்சி ஹோட்டலில் அவர் தலைமை சர்வராக இருந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி, விஞ்ஞானம் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்தமானது. அம்மலைக்கு 1871-இல்தான் பற்சக்கர ரயில் போட்டார்கள். ஐரோப்பாவில் மலையேறிய முதல் ரயில் அது. ஒருநாள் நாற்பது அமெரிக்கப் பயணிகள் பகலுணவுக்கு வரவிருந்தார்கள். திடீரென்று கடுங்குளிர் இறங்கியது. ஹோட்டலின் சூடேற்றும் கருவியோ பழுதாகிவிட்டது. பெரிய கூடத்தில் மூச்சு விட்டால் புகை தெரியும் குளிர். ரிட்ஸ் உடனே மேசைகளைச் சிறிய அறைக்கு மாற்றினார்; அது சிவப்புத் திரையிட்ட அறை, பார்த்தாலே கதகதப்பு. செடி வைத்திருந்த பெரிய செம்புப் பாத்திரங்களைக் காலி செய்து, அவற்றில் ஸ்பிரிட்டை ஊற்றி எரிய விட்டார். செங்கற்களை அடுப்பில் சுட்டுத் துணியில் சுற்றி, ஒவ்வொருவர் காலடியிலும் வைத்தார். முதலில் கொதிக்கும் சூப், கடைசியில் நெருப்போடு கொண்டுவந்த பணியாரம்.

யோசித்துப் பாருங்கள்: ஸ்பிரிட் எரிந்தால் புகை இல்லை, கரி இல்லை, சுட்ட செங்கல் தன் வெப்பத்தை மெல்ல மெல்லத்தான் விடும், சிறிய அறையைச் சூடாக்குவது பெரிய அறையைச் சூடாக்குவதினும் எளிது. இயற்பியல் பாடம் ஒன்றும் படிக்காத சர்வர் ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் செய்தார். வந்தவர்கள் குளிரை மறந்து உண்டு சென்றார்களாம்.

இந்தச் செய்தி லூஸர்ன் நகரத்து கிராண்ட் ஹோட்டல் நேஷனலின் சொந்தக்காரரான கர்னல் ஃபைஃபரின் காதுக்கு எட்டியது. 1877-இல், இருபத்தேழு வயதில், ரிட்ஸ் அந்த ஹோட்டலின் மேனேஜரானார். நஷ்டத்தில் தத்தளித்த ஹோட்டல் ஐரோப்பியச் சீமான்களின் கோடை வாசஸ்தலமாயிற்று. 1884-இல் மான்டி கார்லோவில் அகஸ்ட் எஸ்கோஃபியே என்ற சமையற்கலைஞரை அவர் சேர்த்துக்கொண்டார். ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தின் அரசர். மற்றவர் சமையலறையின் அரசர். 1888-இல் ஹோட்டல் குடும்பத்தில் பிறந்த மேரி லூயீஸ் பெக் அவருக்கு மனைவியானார்.

லண்டனில் பாட்டு நாடகங்களால் பொருள் குவித்த டாய்லி கார்ட் என்பவர் 1889-இல் ஸவாய் ஹோட்டலைத் திறந்தார். மின்விளக்கும் மின்தூக்கியும் இருந்தன. ஹோட்டல் நடத்தத் தெரிந்தவர்தான் இல்லை. ரிட்ஸை அழைத்தார். ரிட்ஸ் எஸ்கோஃபியேயையும் அழைத்துச் சென்றார். அந்நாளில் இங்கிலாந்தின் உயர்குடிப் பெண்கள் பொது இடத்தில் உண்பது வழக்கமில்லை. ரிட்ஸ் உடையில் கண்டிப்பு வைத்தார், இசை வைத்தார், முகத்துக்கு அழகு தரும் விளக்கு வைத்தார். சில ஆண்டுகளில் ஸவாயில் மேசை கிடைப்பதே பெருமையாயிற்று. வேல்ஸ் இளவரசரும் அவருடைய வாடிக்கையாளர்.

அடுத்து வருவதை ரிட்ஸைப் புகழ்வோர் மெல்லத் தாண்டிச் செல்வார்கள். 1898 மார்ச்சில் ஸவாய் கம்பெனி ரிட்ஸையும் எஸ்கோஃபியேயையும் வேலையிலிருந்து நீக்கியது. 3,400 பவுனுக்கு மேற்பட்ட மது கணக்கில் வராமல் போயிருந்தது. சமையலறைச் சரக்கு விற்பவர்களிடம் கமிஷன் வாங்கியது தெரிந்தது. ரிட்ஸ் ஸவாயின் சம்பளத்தில் இருந்துகொண்டே, ரோமாபுரியிலும் பிற இடங்களிலும் தம் சொந்த ஹோட்டல் வேலைகளுக்கு அந்த மதுவையும் விருந்தையும் முதலீட்டாளர்களைக் கவரப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. 1900-இல் அவர்கள் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டு பணம் கட்டித் தீர்த்தார்கள். அந்தக் காகிதங்கள் பல்லாண்டுகள் வெளிவராமல் இருந்து, 1980-களில்தான் உலகம் அறிந்தது. இதைச் சொல்லாமல் ரிட்ஸின் வரலாற்றை எழுதுவது, வுவாஸானில் அவர் இறங்கி நின்ற பெருமையையும் பொய்யாக்கிவிடும். பிறர் பணத்தில் விருந்து வைத்தே வளர்ந்த தொழில். எது தமது, எது பிறருடையது என்ற கோடு அவருக்கு மங்கிவிட்டது.

நீக்கப்பட்ட மூன்றே மாதத்தில், 1898 ஜூன் முதல் நாள், பாரிஸ் வாண்டோம் சதுக்கத்தில் ரிட்ஸ் ஹோட்டல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் சார்ல் மேவேஸ். அரண்மனை கட்டச் சொல்லவில்லை ரிட்ஸ். பண்பும் வசதியும் உள்ள ஒரு சீமானின் வீட்டைக் கட்டச் சொன்னார். அறைகளுக்குத் தனிக் குளியலறை, மின்விளக்கு, தொலைபேசி ஆகியவற்றைத் தந்த ஐரோப்பிய ஹோட்டல்களுள் அது முன்னோடி. தூசி அவருக்குப் பகை. கனத்த திரைகளை ஒதுக்கினார். சுவருக்குக் காகிதம் ஒட்டாமல் வண்ணம் பூசினார், கழுவலாம் அல்லவா? மரக்கட்டிலுக்குப் பதில் பித்தளைக் கட்டில். காசநோய்க் கிருமியைக் காக் கண்டறிந்து அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆய்வுக்கூடத்துச் செய்தி படுக்கையறைக்கு எவ்வளவு விரைவில் வந்துவிட்டது பாருங்கள்!

விளக்கொளியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க, மனைவியை உட்கார வைத்து, வண்ணத் துணிகளை மாற்றி மாற்றி நாள் கணக்கில் பார்த்தார். கடைசியில் பாதாமிப் பழத்தின் இளஞ்சிவப்பே பெண்களின் முகத்துக்கு ஏற்றது என்று முடிவு செய்தார். திறப்பு விழாவன்று சாப்பாட்டு மேசைகள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் மிகுந்திருப்பதாகக் கண்டு, எல்லாவற்றின் கால்களையும் அப்போதே அறுத்துவரச் செய்தார் என்றும் சொல்வர்.

இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது? மேரி ரிட்ஸ் 1938-இல் தம் கணவரின் வரலாற்றை நூலாக எழுதினார். ரிட்ஸின் அச்சங்கள் பலவும் நமக்குத் தெரியவருவது அந்த அம்மையார் வாயிலாகத்தான். தம் கைகளும் கால்களும் குடியானவன் கைகால்கள் என்று அவருக்கு வெட்கம். கால் சிறிதாகத் தெரியவேண்டும் என்று அரை அளவு குறைந்த காலணியையே வாழ்நாள் முழுவதும் அணிந்தார். அரசர்களை வரவேற்று நின்ற ஒவ்வொரு மாலையும் அந்தக் கால்கள் வலித்துக்கொண்டுதான் இருந்தன. விருந்தினருக்கு ஒரு நொடி அசௌகரியமும் கூடாது என்று மேசைக் காலை அறுத்தவர், தம் காலுக்கு அந்தச் சலுகை தரவில்லை.

1899-இல் லண்டனில் கார்ல்டன் ஹோட்டலையும் தொடங்கினார். பாரிஸுக்கும் லண்டனுக்கும் மற்ற நகரங்களுக்கும் ஓயாமல் ரயிலும் கப்பலும் ஏறினார். 1902 ஜூன் 26-ஆம் நாள் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடக்க இருந்தது. கார்ல்டனில் பல மாதங்களாக ஏற்பாடு. அறைகளும் மேசைகளும் எல்லாம் பதிவாகிவிட்டன. இரண்டு நாள் முன்னதாக, 24-ஆம் நாள், மன்னருக்குக் குடல்வால் நோய், அறுவைச் சிகிச்சை, விழா ஒத்திவைப்பு என்ற செய்தி வந்தது. ரிட்ஸே கூடத்துக்குச் சென்று, உண்டுகொண்டிருந்தவர்களிடம் அமைதியாக அதைத் தெரிவித்தார். பிறகு ஒவ்வொரு ரத்துக்கும் விடை சொன்னார். அன்றே நிலைகுலைந்து விழுந்தார். மன்னர் பிழைத்து ஆகஸ்டில் முடி சூடினார், ரிட்ஸ் எழவில்லை.

அவ்வப்போது தேறுவார், மறுபடி மனம் இருண்டுவிடும். 1906-இல் லண்டன் பிக்கடில்லியில் அவர் பெயர் தாங்கிய ஹோட்டல் திறக்கப்பட்டது. 1910-இல் மாட்ரிட்டிலும் திறந்தார்கள். அதற்குள் பொறுப்பெல்லாம் பிறர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாரிஸ் ஹோட்டலை மேரி அம்மையார் கவனித்துக்கொண்டார். எஸ்கோஃபியே லண்டனிலேயே சமையலறையைத் தொடர்ந்து நடத்தினார்.

ரிட்ஸ் 1918 அக்டோபரில், லூஸர்னுக்கு அருகே கூஸ்நாக்டில் காலமானார். செம்புப் பாத்திரத்தில் அவர் நெருப்பு மூட்டிய ரிகி மலையின் அடிவாரத்து ஊர் அது. இப்போது அவருடைய கல்லறை நீடர்வால்டில் இருக்கிறது. 1961-இல் மறைந்த மேரி அம்மையாரும் அங்கேயே அவரருகில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.