புறாவை நம்பிப் பிழைத்தவர்

காலையில் பேப்பருக்காக வாசலில் காத்திருப்பவர்கள் இப்போது குறைந்து வருகிறார்கள். இளைஞர்கள் செல்போனிலேயே உலகச் செய்திகளைப் பார்த்துவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றின் மேல் ராய்ட்டர் என்ற பெயர் இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர்!

ஜெர்மனியில் காசல் என்ற ஊரில், 1816-ம் ஆண்டு, ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தவர் அவர். 1845-ல் லண்டனில் கிறிஸ்தவராகி, பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் ஐடா என்ற பெண்ணை மணந்தார்.

பெர்லினில் புத்தகக்கடை வைத்தார். பாரிசில் செய்தித் தொழில் தொடங்கினார். சில மாதங்களிலேயே அது நொடித்துப் போயிற்று.

அப்போதுதான் தந்திக் கம்பிகள் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்தன. பெர்லினிலிருந்து வந்த கம்பி ஆகன் நகரத்தோடு நின்றுவிட்டது. பாரிசிலிருந்து வந்த கம்பி பிரசெல்சில் நின்றது. நடுவே சுமார் 76 மைல் தூரத்துக்குக் கம்பி இல்லை. பங்கு மார்க்கெட் விலை தெரியாமல் வியாபாரிகள் தவித்தார்கள்.

ராய்ட்டர் 1850-ல் ஆகன் நகரில் ஒருவரிடம் 45 புறாக்களைப் பேசி எடுத்தார். புறா தன் கூட்டுக்குத்தான் திரும்பிப் பறக்கும் அல்லவா? ஆகவே அவற்றை ரயிலில் பிரசெல்சுக்குக் கொண்டுபோனார்கள். மெல்லிய தாளில் விலையை எழுதிப் புறாவோடு கட்டிப் பறக்கவிட்டார்கள். ரயிலுக்கு ஆறு மணி நேரமாகும். புறா இரண்டே மணியில் வந்து சேர்ந்தது. ராய்ட்டர் கையில் பணம் புரண்டது.

ஆனால் கம்பி போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? விரைவிலேயே இடைவெளி அடைபட்டது. புறாக்களுக்கு வேலை போயிற்று. பிழைப்பே போனபோதும் ராய்ட்டர் கம்பியோடு சண்டை போடவில்லை. கம்பி அடுத்து எங்கே போகிறது என்று பார்த்தார். கடலுக்கு அடியில் இங்கிலாந்துக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும், 1851-ல் குடும்பத்தோடு லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்! சாமர்த்தியசாலிதான்.

அங்கே பத்திரிகைகள் அவரைச் சேர்க்கவில்லை. ஏழு வருஷம் படியேறி இறங்கினார். 1858-ல் இரண்டு வாரம் இலவசமாகச் செய்தி தருவதாகச் சொன்ன பிறகே கதவு திறந்தது.

1865 ஏப்ரல் 14-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டார். அட்லாண்டிக் கடலில் அப்போது தந்தி ஓடவில்லை. கப்பலில் வந்த செய்தியை அயர்லாந்துக் கரையில் வாங்கி, தந்தியில் லண்டனுக்கு அனுப்பினார்கள் ராய்ட்டரின் ஆட்கள். 26-ந் தேதி லண்டன் அறிந்தது. பன்னிரண்டு நாள்! அக்காலத்தில் அதுவே வேகம்.

மறு வருஷமே அட்லாண்டிக்கைக் கடந்து தந்தி ஓடியது. பம்பாயிலும் ராய்ட்டர் ஆபீஸ் திறந்தது. 1871-ல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது.

1899-ல் பிரான்ஸ் நாட்டின் நீஸ் நகரில் ராய்ட்டர் காலமானார். அவருடைய உடல் லண்டனில் அடக்கம் செய்யப்பட்டது.